வறண்ட விழியும் மருந்துத் துளியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் கண் மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசைக்கும் நாடகத்திற்கும் இடையே நோயைப் பற்றிப் பேச வந்த என்னைப் பொறுத்தருள வேண்டுகிறேன். தலைநகரில் குளிர்காலம் தொடங்கிவிட்டால் நம்மவர் என்னைக் கண்டதும் கூறும் முறையீடு ஒன்றுதான்: "டாக்டர், கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது; பார்த்தால் மணலைக் காணோம்." வறண்ட காற்று, புகை, அறையைச் சூடாக்கும் கருவி, இமைக்க மறந்து கணினித் திரையை நோக்கும் உத்தியோகம் ஆகிய யாவும் இதற்குக் காரணங்களாகும்.

கண்ணீரில் நீர் மட்டும் இல்லை. இமையோரச் சுரப்பிகள் தரும் எண்ணெய், நீர் ஆவியாகாமல் காக்கிறது. விழியைப் போர்த்திய மெல்லிய சவ்விலிருந்து ஊறும் வழுவழுப்பான பொருள், அந்நீரை விழியெங்கும் பரவி நிற்கச் செய்கிறது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கண்ணீரில் உப்பின் செறிவு மிகுகிறது. அவ்வுப்பு விழியின் மேற்பரப்பை வருத்த, அழற்சி உண்டாகிறது. அழற்சியினால் திரண்டு வரும் வெள்ளணுக்கள் சுரப்பிகளையே தாக்குகின்றன; கண்ணீர் மேலும் குறைகிறது. செக்கு மாடு சுற்றுவதுபோல் நோய் தன்னைத் தானே சுற்றி வளர்கிறது.

செயற்கைக் கண்ணீர் எளிய வறட்சிக்குப் போதும். அழற்சி வேரூன்றிய கண்ணுக்கு அதை மட்டும் இடுவது, கூரை எரியும்போது வாசலுக்கு நீர் தெளிப்பது போன்றதே. அழற்சியை அடக்கும் துளிகள் அப்பொழுது வேண்டும். அவற்றுள் இரு வகை உண்டு.

முதல் வகை ஸ்டீராய்டு. சில நாட்களிலேயே சுகம் தரும். ஆயினும் நெடுநாள் இட்டால் கண்ணின் அழுத்தத்தை உயர்த்தும், புரையையும் வளர்க்கும். ஆகவே மருத்துவரின் மேற்பார்வையில் சில வாரங்களே இடத்தக்கது.

இரண்டாம் வகையில் முதன்மையானது சைக்ளோஸ்போரின். நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து பிறந்து, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் காக்கப் பயன்பட்ட மருந்து இது. இதன் 0.05 சதவீதக் கண் துளிக்கு அமெரிக்க அரசு 2002-ஆம் ஆண்டில் அனுமதி அளித்தது. 2016-இல் லிஃபிடெகிராஸ்ட் என்னும் துளியும் அங்கு அனுமதி பெற்றது. சைக்ளோஸ்போரின் இட்டவுடன் சற்று எரியும். முழுப் பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். எனவே பலர் ஒரு வாரத்திலேயே அதை நிறுத்திவிட்டு, உடனே சுகம் தந்த பழைய துளியைத் தேடிச் செல்கின்றனர்.

அவ்வாறு சென்ற அம்மையார் ஒருவரை நான் அறிவேன். ஒருமுறை எழுதித் தந்த ஸ்டீராய்டுத் துளியைக் கடையில் தாமே வாங்கி ஒன்றரை ஆண்டு இட்டு வந்தார். சிவப்பு இல்லை, உறுத்தல் இல்லை. படிகளில் இடறத் தொடங்கிய பின்னரே என்னிடம் மீண்டும் வந்தார். உயர்ந்த அழுத்தம் கண் நரம்பைப் பெரிதும் தேய்த்திருந்தது. தேய்ந்த நரம்பு மீளாது. அந்த முதற் சீட்டை எழுதியவன் நானே. "பதினைந்து நாள்" என்று அதில் எழுதினேன். ஏன் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அன்று எனக்கு நேரமில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தனர். அன்று சொல்லாததையே இன்று உங்கள் முன் சொல்கிறேன்.

அன்பர்களே, மருத்துவர் சீட்டின்றி ஸ்டீராய்டுத் துளி வாங்காதீர்கள். இட்டு வருவோர் கண் அழுத்தத்தை அளந்து பாருங்கள். மெல்ல வேலை செய்யும் மருந்தைப் பொறுமையோடு இடுங்கள். கண்ணோடு வாயும் வறண்டு, மூட்டும் வலித்தால் உடலையும் சோதித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் விளக்காவிடில், "எத்தனை நாள்? ஏன்?" என்று கூச்சமின்றிக் கேளுங்கள். அக்கேள்வியை அந்த அம்மையார் என்னிடம் கேட்டிருந்தால், இன்று இவ்விழா மேடையை நன்றாகக் கண்டிருப்பார்.