எட்ட முடியாத தலைவர்கள்

மனுநீதிச் சோழனின் அரண்மனை வாசலில் தொங்கிய ஆராய்ச்சி மணியின் கதை தமிழர் அனைவருக்கும் தெரியும். கன்றை இழந்த பசுகூட அந்த மணியை அசைத்து மன்னனை வாசலுக்கு வரவழைக்க முடிந்தது. அரசனின் சிறப்புகளைச் சொல்ல வந்த வள்ளுவரும், அவன் காண்பதற்கு எளியவனாக இருக்கவேண்டும் என்பதை மறக்கவில்லை. தலைவர் எவ்வளவு வல்லவர் என்பது ஒரு கேள்வி. மக்களால் அவரை எட்ட முடிகிறதா என்பது வேறு கேள்வி.

பதவியில் இருந்துகொண்டே எட்டாத தூரத்துக்குப் போய்விட்ட தலைவர்கள் உண்டு. அவர்களுள் ஒருவர் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன். முதல் உலகப் போர் முடிந்தபின், ஐக்கிய நாட்டு நிறுவனத்துக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்துக்கு ஆதரவு திரட்ட அவர் நாடெங்கும் ரயிலில் பயணம் செய்தார். 1919 செப்டம்பர் இறுதியில் உடல் தளர்ந்து தலைநகர் திரும்பினார். அக்டோபர் 2ஆம் தேதி பக்கவாதம் தாக்கி, உடலின் இடப்பக்கம் செயலிழந்தது.

நோயின் முழு விவரம் நாட்டுக்குச் சொல்லப்படவில்லை. துணை அதிபர் தாமஸ் மார்ஷலுக்கும் அதிகாரபூர்வமாகத் தெரிவிக்கப்படவில்லை. எந்தக் கடிதம் அதிபரின் கட்டில்வரை போகலாம், எது வாசலிலேயே நிற்கவேண்டும் என்பதை அவருடைய மனைவி ஈடித் முடிவு செய்தார். அமைச்சர்களைக் கூட்டிப் பேசிய வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லான்சிங், 1920 பிப்ரவரியில் பதவி விலக நேர்ந்தது. செனட் சபை வெர்சாய் உடன்படிக்கையை இருமுறை நிராகரித்தது. அமெரிக்கா கடைசிவரை சர்வதேச சங்கத்தில் சேரவே இல்லை. வில்சனோ 1921 மார்ச் வரை பதவியில் நீடித்தார்.

அதிபரால் கடமையாற்ற இயலாதபோது என்ன செய்வது என்பதைத் தெளிவாக வகுத்த 25ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1967இல்தான் நடப்புக்கு வந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு தாமதம்!

தமிழ்நாட்டிலும் இத்தகைய நிலை ஏற்பட்டது. முதல்வர் ஜெயலலிதா 2016 செப்டம்பர் 22ஆம் தேதி சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அக்டோபர் 11ஆம் தேதி அவருடைய துறைகள் ஓ. பன்னீர்செல்வத்திடம் ஒப்படைக்கப்பட்டன, முதல்வர் பதவியில் அவரே நீடித்தார். இடைத்தேர்தல் படிவத்தில் கையொப்பத்துக்குப் பதிலாக அவருடைய கைரேகை இருந்தது. மருத்துவமனை வாசலில் காத்துநின்ற தொண்டர்கள் அறிக்கைகளைக் கேட்டார்கள், தலைவியைக் காணவில்லை. டிசம்பர் 5ஆம் தேதி அவர் காலமானார். 2017இல் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் 2022இல்தான் அறிக்கை தந்தது. திரை விழுந்த இடத்தில் ஐயம் முளைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. 2015 பிப்ரவரியில் சிங்கப்பூரின் அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கிற்குப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. என்ன நோய், எப்போது சிகிச்சை, மருத்துவ விடுப்பின்போது பிரதமர் பொறுப்பைக் கவனிக்கப்போவது துணைப் பிரதமர் டியோ சீ ஹியன் என்பதெல்லாம் சிகிச்சைக்கு முன்பே மக்களுக்கு அறிவிக்கப்பட்டன. வதந்திக்கு அங்கே வேலையில்லாமல் போனது.

நோய் யாருக்கும் வரலாம், அது குற்றமன்று. நோயாளியின் அந்தரங்கமும் மதிக்கப்படவேண்டியதே. ஆனால் பதவி அவருடைய சொந்த உடைமையன்று. மக்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பு. தலைவர் பேச இயலாதபோது, மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர் அவருடைய குரலாக மாறிவிடுவதே ஆபத்து. சுற்றியிருப்பவர்கள் அன்பினால் கதவைச் சாத்தலாம், அச்சத்தினாலும் சாத்தலாம், ஆதாயத்துக்காகவும் சாத்தலாம். வெளியே நிற்பவருக்கு எல்லாம் ஒன்றுதான்: அவருடைய மனு உள்ளே போகவில்லை.

நாட்டுக்குச் சொன்னது சங்கத்துக்கும் ஆலயத்துக்கும் பொருந்தும். தலைவர் படுத்துவிட்டால் காசோலையில் கையொப்பமிடுவது யார்? கூட்டத்தைக் கூட்டுவது யார்? உறுப்பினருக்குப் பதில் சொல்வது யார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடையை, தலைவர் நலமாக இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும். அப்படி எழுதி வைக்கும்படி கேட்பது தலைவரை அவமதிப்பதாகாது. அவர் கட்டிக்காத்த அமைப்பு அவருக்குப் பின்னும் நிலைக்கவேண்டும் என்ற அக்கறைதான் அது.