இருட்டை நம்பிய ஒரு கிறிஸ்துமஸ் புத்தகம்



கிறிஸ்துமஸ் படக்கதைப் புத்தகம் என்றாலே சிவப்பும் பச்சையும் பளிச்சிடும். பக்கத்துக்குப் பக்கம் சிரித்த முகங்கள் இருக்கும். 1985இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘த போலார் எக்ஸ்பிரஸ்’ அப்படிப்பட்ட புத்தகம் அல்ல. அதன் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. படங்களில் இருட்டு, கொட்டும் பனி, ஜன்னல்களிலிருந்து கசியும் மஞ்சள் வெளிச்சம். குழந்தைக்கு இருட்டைக் காட்டலாம், அது பயந்துவிடாது என்று நம்பிச் செய்த புத்தகம் இது. அந்த நம்பிக்கைக்காகவே இதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

எழுதியவரும் வரைந்தவரும் ஒருவரே: கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க். மிச்சிகன் மாநிலத்துக்காரர், கல்லூரியில் சிற்பம் படித்தவர். குழந்தைகளுக்கான சிறந்த படப்புத்தகத்துக்கு அமெரிக்காவில் தரப்படும் கால்டிகாட் பதக்கம் 1982இல் ‘ஜுமாஞ்சி’க்கும் 1986இல் இந்தப் புத்தகத்துக்கும் கிடைத்தது.

கதை சிறியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டி மணியோசை கேட்காதா என்று ஒரு சிறுவன் படுக்கையில் காத்திருக்கிறான். கேட்பதோ நீராவி இரைச்சல். வாசலில் ரயில் நிற்கிறது. இரவு உடையோடு வந்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வடதுருவம் போகிறது. அந்த ஆண்டின் முதல் பரிசு இவனுக்குத்தான். எது வேண்டுமானாலும் கேட்கலாம். கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியிலிருந்து ஒரு வெள்ளி மணியைக் கேட்கிறான்.

இப்போது படங்களுக்கு வருவோம். ஆயில் பேஸ்டலில் வரைந்தவை. பென்சில் கோடுபோலக் கூர்மையாக இருக்காது. ஓரங்கள் மங்கி, பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோல் இருக்கும். புத்தகம் அகலவாட்டில் விரிகிறது. படம் இரண்டு பக்கங்களிலும் பரவ, எழுத்து ஓரத்தில் ஒரு குறுகிய பத்தியாக ஒதுங்கி நிற்கிறது. ரயில் நீளமாக ஓட இடம் வேண்டும் அல்லவா? அந்த இடத்தைத் தாளின் வடிவமே தருகிறது.

காட்டைக் கடக்கும் பக்கத்தைப் பாருங்கள். நெட்டுக்குத்தாக அடிமரங்கள். முன்னால் ஓநாய்கள். மரங்களுக்குப் பின்னால் விளக்கொளியோடு ரயில். நாம் ரயிலுக்குள் இல்லை. ஓநாய்கள் நிற்கும் பக்கத்தில், வெளியே, குளிரில் நிற்கிறோம். முந்தைய பக்கத்தில்தான் வெதுவெதுப்பான பெட்டிக்குள் பிள்ளைகளோடு கோகோ குடித்துக்கொண்டிருந்தோம்! உள்ளிருந்து வெளியே, தரையிலிருந்து உயரத்துக்கு என்று பார்வையை இப்படி மாற்றி மாற்றி வைப்பதில்தான் இவரது கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. உருவங்களுக்கெல்லாம் கனம் உண்டு. சிற்பம் பயின்ற கை என்பது தெரிகிறது.

அதே காரணத்தால் ஒரு குறையும் உண்டு. பிள்ளைகளின் முகங்களில் அசைவு குறைவு, சில இடங்களில் பொம்மைகள் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. வடதுருவ நகரமும் தொழிற்சாலைகள் நிறைந்த இறுக்கமான ஊராகவே தெரிகிறது. அங்கே இன்னும் கொஞ்சம் குதூகலம் இருந்திருக்கலாம்.

மொழியில் எதுகை மோனையோ ஆட்டபாட்டமோ இல்லை. வயதான ஒருவர் தன் சிறுவயதில் நடந்ததைப் பதற்றமில்லாமல் சொல்கிறார். அவருக்குப் பெயர்கூட இல்லை. தங்கை சாராவுக்கு உண்டு. உவமைகள் குறைவு, வரும்போதும் பனி, கடல், சாக்லேட் என்று குழந்தைக்குப் பிடிபடும் பொருள்களாகவே வருகின்றன. படத்தில் இருப்பதை எழுத்து மீண்டும் ஒப்பிப்பதில்லை. நீராவியின் சீறல், கோகோவின் ருசி என்று ஓவியத்துக்கு எட்டாதவற்றைத்தான் பெரும்பாலும் சொல்கிறது.

படத்துக்கு எட்டாததைச் சொல்லும் இந்த முறை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்றால், மணியில். அங்கியின் பையில் இருந்த ஓட்டை வழியாக மணி தொலைந்துபோகிறது. கிறிஸ்துமஸ் காலையில் மரத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னப் பெட்டிக்குள் திரும்பி வருகிறது. சிறுவன் குலுக்குகிறான். அவனுக்கும் சாராவுக்கும் இனிய ஓசை கேட்கிறது. அம்மாவும் அப்பாவும் மணி பழுது என்கிறார்கள். ஆண்டுகள் ஓட ஓட நண்பர்களுக்கும், ஒரு கிறிஸ்துமஸில் சாராவுக்கும் அந்த ஓசை கேட்காமல் போகிறது. கதை சொல்பவருக்கு மட்டும் முதுமையிலும் கேட்கிறது. ஓசையை எந்த ஓவியராலும் வரைய முடியாது. வான் ஆல்ஸ்பர்க் கடைசிப் பக்கத்தில் மணியை மட்டும் வரைந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார். மணி ஒலிக்கிறதா இல்லையா என்பது பார்க்கும் குழந்தையின் பொறுப்பு. இத்தனை பெரிய பொறுப்பைக் குழந்தையிடம் கொடுக்கும் எழுத்தாளர்கள் அரிது.

இதை 2004இல் ராபர்ட் ஜெமெக்கிஸ் திரைப்படமாக எடுத்தார். அதில் பாட்டும் வேகமும் பரபரப்பும் நிறைய. என் ஓட்டு புத்தகத்துக்குத்தான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைக் குழந்தைக்கு வாசித்துக் காட்டும்போது அவசரப்படாதீர்கள். பக்கத்தைத் திருப்பியதும் முதலில் படத்தை அது ஆசைதீரப் பார்க்கட்டும், பிறகு வாசியுங்கள். முதல் படத்தில் கட்டில் தூணில் மாட்டியிருக்கும் நாய்ப் பொம்மையை அதுவே கண்டுபிடிக்கட்டும். வான் ஆல்ஸ்பர்க் புத்தகங்களில் அந்த வெள்ளை நாய் எங்காவது ஒளிந்திருப்பது வழக்கம். கடைசிப் பக்கம் வந்ததும் மட்டும், தயவுசெய்து விளக்கம் சொல்லாதீர்கள். கேள்வி வந்தால் அது குழந்தையிடமிருந்தே வரட்டும்.