ஏடும் எழுத்தும் நம் இல்லமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா நாளில் நெடிய சொற்பொழிவைக் கேட்கும் பொறுமை எவர்க்கும் இராது என்பதை நாம் அறிவோம். நாடகத்திற்கு ஒப்பனை செய்துகொண்டு திரைக்குப் பின்னே காத்திருக்கும் குழந்தைகள் நம்மைப் பொறுத்தருள வேண்டும். கல்வி கற்கவும் செய்தி அனுப்பவும் மனிதன் கண்ட கருவிகளின் வரலாற்றைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். பொருள் பெரிது. ஆயினும் அதன் வரலாற்றில் ஒரு பகுதி நம் கரமனையைச் சுற்றியும் நிகழ்ந்திருக்கிறது என்பதால் துணிந்து நிற்கிறோம்.

முதலில் நம்மிடையே நிகழ்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கரமனை அக்கிரகாரத்துப் பழைய வீடொன்று அண்மையில் விற்பனைக்கு வந்தது. பரணில் ஒரு தகரப் பெட்டி. அதனுள் அஞ்சலட்டைகள், கடிதக் கட்டுகள், கணக்கெழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்று. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பேரப்பிள்ளைகள் அவற்றைப் புரட்டிப் பார்த்தனர். தமிழில் இனிமையாகப் பேசுகின்ற பிள்ளைகள்தாம். ஆனால் ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. பெட்டி பழைய காகிதம் வாங்குபவரின் தராசுக்குப் போய்விட்டது. அத்தை ஒருவர் தற்செயலாக வந்து நோட்டுப் புத்தகத்தை மட்டும் மீட்டார். பார்த்தால், தங்கையின் கலியாணத்திற்கு எவரெவரிடம் எவ்வளவு கடன் வாங்கினார், அதனை எத்தனை ஆண்டுகளில் எவ்வாறு அடைத்தார் என்பதையெல்லாம் பாட்டனார் தமிழ் எண்களில் குறித்து வைத்திருக்கிறார். ஒரு குடும்பத்தின் மானமும் உழைப்பும் அந்தப் பக்கங்களில் இருந்தன. கடிதங்களில் என்ன இருந்தது என்பதை இனி யாரும் அறிய இயலாது.

இதற்கு எவரையும் குறை கூறுவதற்கில்லை. இது நம் எல்லார் வீட்டுக் கதையுமாகும். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம்.

நம் முன்னோர் கல்வியை மணலில் தொடங்கினர். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதினர். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கிடைத்தன. முன்னே கற்ற மாணவன் பின்னே வந்தவனுக்குக் கற்பித்தான். இம்முறையை எளிதென்று எண்ணிவிட வேண்டா. 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூர்ச் சிறுவர் இல்லம் ஒன்றின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வகுத்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்னும் பெயரால் அது ஆங்கில நாட்டுப் பள்ளிகளிலும் பரவியது.

ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. அந்த மணல் எல்லாக் குழந்தைகளின் விரலுக்கும் கிட்டியதில்லை. சாதியின் பெயராலும், பெண் என்னும் காரணத்தாலும் பலர் திண்ணைக்குக் கீழேயே நிறுத்தப்பட்டனர். கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 1817இல் ராணி கௌரி பார்வதிபாய் இத்திருவிதாங்கூரில் பிறப்பித்த ஆணையும், பின்வந்த பொதுப் பள்ளிகளும், அச்சு நூல்களும் அந்தக் கதவைச் சிறிது சிறிதாகத் திறந்தன.

ஓலைக்கு ஓர் இயல்பு உண்டு. ஈரமும் செல்லும் பூச்சியும் அதனைத் தின்னும். ஆதலால் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை யாரேனும் அமர்ந்து புது ஓலையில் பெயர்த்தெழுதியாக வேண்டும். பெயர்த்தெழுதியவை பிழைத்தன, எழுதாதவை மறைந்தன. நம் கைக்கு இன்று கிடைக்கும் சங்கச் செய்யுள் ஒவ்வொன்றும், பெயர் தெரியாத எத்தனையோ கைகள் வழிவழியாகப் பெயர்த்தெழுதியதால் வந்ததேயாகும்.

அடுத்து வந்தது அச்சு. இந்திய மொழியொன்றின் எழுத்துகளால் இந்நாட்டில் அச்சிடப்பட்ட முதல் நூல் எது, எங்கே அச்சாயிற்று என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அம்மொழி தமிழ், அவ்வூர் கொல்லம்! நம் நகரத்திலிருந்து இரயிலேறினால் ஒரு முற்பகலுக்குள் போய்வரக்கூடிய ஊர். அண்டிரிக் அடிகளார் என்று நாம் வழங்கும் என்ரிக்கே என்ரிக்கஸ் பாதிரியார் போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் அங்கே அச்சேறியது. பதினாறே பக்கம். மலையாள மண்ணில் தமிழுக்குக் கிடைத்த பெருமை இது.

ஆனால் அச்சு வந்ததும் ஏடுகளெல்லாம் தாமே நூலாகிவிடவில்லை. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக நடக்க வேண்டியிருந்தது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர், பின்னர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றார். பழைய ஏடுகளை நெருப்பில் இட்டுவிட்டார்கள் என்ற மறுமொழியே கிடைத்தது. அந்த வேதனையை அவரே எழுதி வைத்திருக்கிறார். இட்டவர்களும் தமிழர்கள்தாம், தமிழ் பேசியவர்கள்தாம். ஏட்டின் அருமையை அறியும் கண்தான் அங்கே இல்லை.

இதற்கு நேர்மாறான செய்தியும் நம் நகரத்திலேயே உண்டு. திருநெல்வேலிச் சீமைத் தருவையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் பணியாற்றிய மகாமகோபாத்தியாய கணபதி சாஸ்திரியார், பத்மநாபபுரத்திற்கு அருகே மணலிக்கரை மடத்தில் ஓர் ஓலைக் கட்டைக் கண்டார். எழுத்து மலையாளம், மொழி வடமொழி. படித்துப் பார்த்தவர், காளிதாசனே பெயர் சொல்லிப் போற்றிய பாசனின் நாடகங்கள் இவை என்று உணர்ந்து, 1912 முதல் அவற்றை அச்சிட்டு வெளியிட்டார். அவை பாசன் எழுதியவைதாமா என்று அறிஞர் சிலர் வாதிட்டதுண்டு. எனினும் அந்நாடகங்கள் உலகுக்குக் கிடைத்தது அவர் கண்ணால் என்பதில் வாதமில்லை. எத்தனையோ பேர் கடந்துபோன கட்டுத்தான் அது. படிக்க வல்லவர் ஒருவர் வந்தபோதே அது நூலாயிற்று.

இன்னும் ஒன்று. கரமனையிலிருந்து கிழக்கேக் கோட்டைக்கு நாம் நாள்தோறும் போய்வருகிறோம். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் பனையோலைச் சுருணைகளாக அரசின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஓலைச்சுவடிகளுக்கென்றே 2022இல் கோட்டைப் பகுதியில் ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்னும் பழைய எழுத்துகளில் அமைந்த ஓலைகள் அவை. வட்டெழுத்து யாருடையது? ஒருகாலத்தில் பாண்டி நாட்டிலும் சேர நாட்டிலும் நம் முன்னோர் தமிழ் எழுதிய எழுத்தன்றோ? இன்று இந்த அவையில் அதனைப் படிக்கக்கூடியவர் எத்தனை பேர்? நாம் கை தூக்கப் போவதில்லை. எழுத்து அழியவில்லை, கல்லிலும் ஓலையிலும் அப்படியே இருக்கிறது. படிக்கும் கண்ணே அழிந்தது. வட்டெழுத்து நமக்கு என்னவாயிற்றோ, தமிழெழுத்து நம் பேரப்பிள்ளைகளுக்கு அதுவாகிவிடக் கூடாது. நாம் சொல்ல வந்த பொருள் இதுதான்.

இனி அண்மைக் காலத்திற்கு வருவோம். திருவிதாங்கூருக்கெனத் தனித் தபால் இருந்தது. அதன் பெயர் ‘அஞ்சல்’. மணி கட்டிய கோலுடன் ஓடிவரும் அஞ்சலோட்டக்காரனைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வதுண்டு. 1951இல் அது இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. அஞ்சல் என்னும் சொல் மட்டும் இன்று ‘மின்னஞ்சல்’ என்று கணிப்பொறிக்குள்ளும் புகுந்துவிட்டது. வாசலில் வந்து நின்றாலே நெஞ்சைப் பதறவைத்த தந்தி, 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு நாட்டிலிருந்தே விடைபெற்றது.

1943இல் திருவனந்தபுரத்தில் வானொலி நிலையம் தோன்றியது. 1950இல் அது அகில இந்திய வானொலியோடு சேர்ந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும், 1963இல் தொடங்கிய திருநெல்வேலி நிலையமும் நம் வீட்டுக் கூடங்களில் தமிழை ஒலிக்கச் செய்தன. 1956 நவம்பர் முதல் நாளில் தோவாளையும் அகஸ்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபின், இங்கே தங்கிய நாம் மேலும் சிறுபான்மையினரானோம். அக்காலத்தில் அந்த ஒலி நமக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்தது!

1963 நவம்பர் 21ஆம் நாள் நம் நகரத்தின் தும்பைக் கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. அங்கே இளம் பொறியாளராகப் பணி செய்த இராமேசுவரத்துத் தமிழர் அப்துல் கலாம், பின்னாளில் குடியரசுத் தலைவராகி, 2005இல் கேரளத்தின் கல்வி அலைவரிசையாகிய ‘விக்டர்ஸ்’ஸைத் தொடங்கி வைத்தார். 2004இல் ஏவப்பட்ட எடுசாட் என்னும் கல்விக்கான செயற்கைக்கோளே அன்று அதற்குத் துணையாக இருந்தது. கரமனைக்கு அடுத்த பூஜப்புரையில் இயங்கும் நிறுவனமே அந்த அலைவரிசையை நடத்துகிறது. கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, 2020 ஜூன் முதல் நாளில் அதன்வழிப் பாடங்கள் தொடங்கின. பாலக்காடு, இடுக்கி முதலிய மாவட்டங்களின் தமிழ்வழி மாணவர்களுக்காகத் தமிழிலும் பாடங்கள் ஆயத்தமாயின. மணலில் தொடங்கிய கல்வி விண்வெளி வரை போய் வீட்டுக் கூடத்திற்குத் திரும்பி வந்தது என்றால் மிகையாகாது.

கணிப்பொறியிலும் தமிழ் பின்தங்கவில்லை. 1991இல் வெளிவந்த யூனிகோடு முறையில் தமிழுக்கு இடம் கிடைத்தது. 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் ‘தமிழ் 99’ விசைப்பலகை ஏற்கப்பட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் கருதாமல் பழைய நூல்களை எழுத்து எழுத்தாகத் தட்டெழுதி இணையத்தில் வைத்தனர். பழைய ஓலைக்குப் புது ஓலை கண்ட அதே தொண்டுதான் இது. எழுத்தாணி பிடித்த கை விசைப்பலகைக்கு வந்தது.

இன்று நம் பிள்ளைகளின் கையில் உள்ள கைபேசியில் இவையனைத்தும் அடங்கிவிட்டன. பாட்டிக்குத் தமிழில் குரற்செய்தி அனுப்புகிறார்கள். முகம் பார்த்துப் பேசுகிறார்கள். மகிழ்ச்சியே. அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: “பேச்சு இருக்கும்போது எழுத்து எதற்கு? கைபேசியே படித்துக் காட்டிவிடுமே?” நியாயமான கேள்விதான். அச்செழுத்தைக் கைபேசி படிக்கும். பாட்டனாரின் கையெழுத்தை, அவர் சுருக்கி எழுதிய உறவுப் பெயர்களை, தமிழ் எண்ணில் இட்ட கணக்கை, அவரோடு வாழ்ந்தவர் துணையின்றி எந்தக் கருவியும் முழுமையாகப் படிக்காது. மேலும், படித்துக் காட்டச் சொல்லிக் கைபேசியிடம் நீட்டுவதற்கே, இது படிக்கத் தக்கது என்று முதலில் தோன்ற வேண்டுமல்லவா? தகரப் பெட்டியைத் திறந்த பிள்ளைகள் கையிலும் கைபேசி இருக்கத்தான் செய்தது.

ஆகவே நம் சங்கத்தின் முன் மூன்று சிறிய வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது: ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சங்கக் கட்டடத்தில் தமிழ் எழுத்து வகுப்பு நடக்கட்டும். பழைய முறைப்படியே, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கட்டும்.

இரண்டாவது: ஒவ்வொரு வீட்டிலும் பழைய கடிதமோ, கணக்கோ, பாட்டு நோட்டோ ஒன்றை எடுங்கள். பெரியவர் படிக்க, பேரக்குழந்தை தன் கையாலேயே பெயர்த்தெழுதட்டும். பெரியவரின் குரலையும் பதிவு செய்து வையுங்கள். யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்த ஊர் என்பதை மறவாமல் குறியுங்கள்.

மூன்றாவது: அவ்வாறு எழுதியவற்றுள் சிறந்தவற்றை அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுவோம். பெரும் புலவர்களின் கட்டுரைகளுக்கு நடுவே நம் வீட்டுப் பாட்டியின் கடிதமும் இடம் பெறட்டும்.

காலம் கருவியை மாற்றிக்கொண்டேதான் இருக்கும். ஓலை போனது, தந்தி போனது, கைபேசியும் ஒருநாள் போகும். கருவியைக் காப்பது நம் பொறுப்பன்று. கருவி மாறும் ஒவ்வொரு முறையும் பழையதைப் படித்துப் புதியதில் பெயர்த்து வைக்கும் ஆள் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஆளை உருவாக்குவதே நம் பொறுப்பு.

அந்த அத்தை மீட்ட நோட்டுப் புத்தகத்தை இப்போது ஒரு சிறுமி எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். முதல் பக்கத்தைப் படித்து முடிக்க அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்றாம். இரண்டாம் பக்கத்திற்கு ஒரு வாரமே ஆயிற்று. அவள் இன்று இந்த நாடகத்திலும் நடிக்கிறாள். இனியும் அவளைக் காக்க வைத்தல் முறையன்று.