சுவரும் ஏடும் சொல்லும் சேதி



தனியார் சேகரிப்புகள் பொது அருங்காட்சியகங்களான வரலாற்றைப் பேசுவோர் வழக்கமாக இலண்டனில் தொடங்குவார்கள். ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் 1753இல் மறைந்தார். அவர் சேர்த்து வைத்திருந்த 71,000 பொருள்களை நாடாளுமன்றம் 20,000 பவுண்டு கொடுத்துப் பெற்றது. 1759இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் திறந்தது. ஐதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகமும் ஏறக்குறைய இதே தடத்தில் 1951இல் மக்களிடம் வந்தது. நாமோ ஏழுமலையின் அடிவாரத்தில் கூடியிருக்கிறோம். இங்கிருந்தே தொடங்குவோம்.

திருமலைக் கோயிலுக்குள், உண்டியலுக்கு எதிரே, தாள்ளபாக்கம் அறை என்று ஒரு சிறு கல் அறை. தெலுங்குக் கவி அன்னமாச்சாரியாரின் பாடல்கள் பொறித்த ஆயிரக்கணக்கான செப்பேடுகள் அதற்குள் நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கிக் கிடந்தன. அவருடைய தாள்ளபாக்கம் குடும்பம் பொறித்துக் காத்த செல்வம் அது. அவற்றை யாருமே பார்க்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1816இல் தெலுங்கு இலக்கணம் வெளியிட்ட ஏ. டி. கேம்பெல், திருப்பதியில் செப்பேடுகளில் பாடல்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஆளனுப்பிப் பார்க்கச் செய்தார். ஓர் இலக்கண நூல் மட்டும் படியெடுக்கப்பட்டது; மற்றவை சுவாமிமீது பாடிய பாட்டுகள். அதோடு அவர் நின்றுவிட்டார். பிறகு ஒரு நூற்றாண்டு அந்தப் பாட்டுகளுக்கு வாய் இல்லை.

தேவஸ்தானக் கல்வெட்டறிஞர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி உட்கார்ந்து ஏடு ஏடாகப் படித்துப் பதிப்பிக்கத் தொடங்கியபோதுதான் அவை உலகுக்கு உரியவை ஆயின. பாட்டின் தலைப்பில் இராகத்தின் பெயர் உண்டு. சுரக் குறிப்பு கிடையாது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா மெட்டமைத்தார். இன்று வீடுதோறும் ஒலிக்கும் கீர்த்தனைகளுக்குப் பின்னால், தூசி தட்டி எண்ணிட்டு எழுதிவைத்தவர்களின் உழைப்பு இருக்கிறது.

என் துணிபு இதுதான்: சேகரிப்பு மக்களுடையதாவது கதவு திறக்கும் நாளிலன்று, பதிவேடு திறக்கும் நாளில். எது, எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்ற மூன்றும் இல்லாத பொருள், கண்ணாடிப் பேழைக்குள் வைத்தாலும் ஊமைதான்.

இதை நமக்கு ஐரோப்பா கற்றுத்தர வேண்டியதில்லை. பல்லவ குலத்துச் சாமவை திருமலைக்கு வெள்ளித் திருமேனி ஒன்றை எழுந்தருளச் செய்தாள். அதற்குச் சாத்திய அணிகளின் விவரத்தையும் பூசைக்கு விட்ட நிலத்தையும் தமிழ்க் கல்வெட்டாகவே வெட்டுவித்தாள். 13ஆம் நூற்றாண்டில், வீரநரசிங்க யாதவராயர் காலத்தில், கோயிலைப் புதுப்பிக்க முன்வந்த திருப்புல்லாணி தாசர், பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மீண்டும் பொறிக்கவும் அனுமதி பெற்றார். சுவரை இடிக்கும்போது எழுத்தைக் காக்க வேண்டும் என்று நினைத்த மனிதர்! அருங்காட்சியகத் துறையில் இருக்கும் நாம் அவரை நம் முன்னோடிகளில் ஒருவராக வைத்து வணங்க வேண்டும்.

திருப்பதியை உள்ளடக்கியிருந்த சித்தூர் 1953 வரை சென்னை மாகாணத்து மாவட்டம். அதனால் இம்மண்ணின் தொல்பொருள் வரலாற்றில் பாதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தோடு பிணைந்தது. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் வாழ்நாளெல்லாம் பொறுக்கிச் சேர்த்த கற்கருவிகள் 1904இல் அங்கே வந்து சேர்ந்தன. ஊர்வாரியான அவரது பட்டியல் அவர் மறைந்தபின் அச்சேறியது. அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அவை வெறும் கூழாங்கற்கள்.

இது இன்றைக்கும் பொருந்தும். ரேணிகுண்டாவைச் சுற்றியுள்ள பழைய கற்கருவிகளை எம். எல். கே. மூர்த்தி 1960களில் ஆராய்ந்து எழுதினார். ஆற்றங்கரையில் அப்படி ஒரு கல்லைக் கண்டால் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் ஆர்வலர்கள் உண்டு. அவர்கள் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இடத்தைக் குறிக்காமல் எடுத்த கல்லை எந்த அருங்காட்சியகத்தாலும் மீட்க முடியாது. கார்வேட்டிநகரம், புங்கனூர் போன்ற பழைய ஜமீன் ஊர்களில் சுவடியும் வாளும் வீணையும் வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கக்கூடும். பொருளைக் கொடுங்கள் என்று அவர்களிடம் கேட்பதற்கு முன், அதைப் பற்றித் தாத்தா சொன்னதைச் சொல்லுங்கள் என்று கேட்போம். சொன்னவர் பெயரோடு எழுதிக்கொள்வோம்.

அதற்கென திருப்பதி, சித்தூர் ஆகிய இரு மாவட்டங்களுக்கும் பொதுவான ஒரு பதிவுப் படிவத்தை, தமிழிலும் தெலுங்கிலும், இந்த மாநாடு கலைவதற்குள் வகுத்து முடிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.