தொண்டர் கையில் தோட்டம்

ஊதியம் கருதாத அன்பர்கள் பொதுத் தோட்டங்களைப் பேணுவதைத் தொண்டு என்று பாராட்டுவோர் பலர். பழகித் தேர வேண்டிய கைவேலை என்று மதிப்பிடுவோர் சிலரே. கொடைக்கானல் மலையில் நேயர்கள் பார்த்திருக்கக்கூடிய கோல்ஃப் மைதானம் போன்ற பரந்த புல்வெளிகளை, மேலைநாடுகளின் சிறிய மன்றங்கள் பலவற்றில் உறுப்பினர்களே வந்து பராமரிக்கின்றனர். ஆட்டமட்டை பட்டுப் புற்கரணை பெயர்ந்த பள்ளங்களில் அவர்கள் மணலும் புல்விதையும் கலந்து நிரப்பும்போது, எந்த இடத்தில் எதனை எவ்வளவு இடுவது என்பதை மைதானப் பொறுப்பாளரே வகுத்துக் கொடுக்கிறார்.

தமிழ்நாட்டில் இத்தகைய தொண்டுக்கு நெடுங்கால மரபு உண்டு. 7ஆம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர் கையில் ஏந்தியதாகப் போற்றப்படும் உழவாரம், நீண்ட காம்பின் நுனியில் தட்டையான இரும்பு அலகு பொருத்திய, புல் செதுக்கும் கருவியாகும். அதன் பெயராலேயே வழங்கும் உழவாரப்பணியில், அன்பர் குழுக்கள் விடுமுறை நாள்களில் கோயில்களில் கூடிப் பிராகாரத்துப் புல்லைச் செதுக்குவதோடு, வழிபாட்டுப் பூக்களுக்கென வளர்க்கப்படும் நந்தவனத்தையும் சீர்செய்கின்றன. இப்பணியின் நுட்பம் கல்லிடுக்கில் முளைத்த அரசங்கன்றின் முன் வெளிப்படும். தண்டை மட்டும் வெட்டினால் அது மீண்டும் துளிர்க்கும். தடித்த வேரை வலிந்து இழுத்தாலோ கல்லே இடம்பெயரும். ஆகவே கைதேர்ந்த தொண்டர், இளங்கன்றை வேரோடு களைந்து, முதிர்ந்ததைக் கோயில் நிர்வாகத்துக்கும் ஸ்தபதிக்கும் விட்டுவிடுவார்.

ஆண்டிபட்டிக்கு அருகே 1959ஆம் ஆண்டு, காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திறக்கப்பட்ட வைகை அணையின் தோட்டப் பணிக்கும், எதைச் செய்வது, எதை விடுவது என்று அறியும் இவ்வளவுகோல் பொருந்தும். 71 அடி வரை நீர் தேக்கும் இவ்வணையின் கீழ் இரு கரைகளிலும் பூங்காக்கள் அமைந்துள்ளன. கட்டுமானப் பகுதியோடு மண்கரையும் கொண்ட இத்தகைய அணைகளில், கரைச்சரிவில் வளரும் புல் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாமல் பிடித்து நிற்க, மரவேர்களோ ஆழமாகப் பாய்ந்து, மட்கியபின் நீர்க்கசிவுக்கு வழியாகிவிடக்கூடும். எனவே கரையில் மரக்கன்று நடுவது நல்லெண்ணத்தால் விளையும் தீங்கு. அதே கன்றைக் கரையை விட்டு விலகி, பொறியாளர் காட்டும் இடத்தில் நடுவது நன்மை. பூங்காப் புல்வெளியில் பரவும் பார்த்தீனியம் என்ற களையையும் பூத்து விதை உதிர்க்கும் முன்பே, தோலில் அரிப்பு உண்டாகாதவாறு கையுறை அணிந்து, வேரோடு பிடுங்க வேண்டும்.

இத்தொண்டுக்கு எல்லையும் உண்டு. கோடையில் செடிகளுக்கு நாள்தோறும் தண்ணீர் பாய்ச்சும் தோட்டக்காரரின் இடத்தை, விடுமுறை நாளில் மட்டும் வருவோர் நிரப்ப இயலாது. இலவச உழைப்பு கிடைக்கிறது என்பதற்காக அவருடைய வேலையைக் குறைப்பதும் முறையன்று. ஒரே நாளில் திரளாகக் கூடி, படம் எடுத்துக்கொண்டு கலையும் பெருங்கூட்டத்தைவிட, மாதந்தோறும் தவறாமல் வரும் பத்துப் பேரால் ஒரு தோட்டம் அதிகம் பயனடையும். வைகை அணையிலோ தம் ஊர்க் கோயிலிலோ பணியாற்ற விரும்பும் மாணவர்களும் மன்றத்தாரும் முதலில் உரியவர்களிடம் அனுமதி பெற்று, களைக்கொத்தைக் கையில் எடுக்குமுன், எதனைப் பிடுங்குவது, எதனை விட்டுவைப்பது என்று அங்குள்ள தோட்டக்காரரிடம் கேட்டறிய வேண்டும்.