கறள் படிந்த பிறேக்குகள்

விரைந்தோடும் காரைக் கண்டவர்கள் அதன் வேகத்தையே வியந்து பேசுவர். அதை நிறுத்தும் கருவியை நினைப்போர் மிகச் சிலரே. ஆயினும், 1953 ஆம் ஆண்டு பிரான்சின் லே மான்ஸ் ஓட்டப் போட்டியில் ஜாகுவார் கார் வெற்றியடைந்தமைக்கு அதன் தட்டுப் பிறேக்குகளும் ஒரு முக்கிய காரணம். பின்னர் அவ்வகைப் பிறேக்கு சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் வந்தது. இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட எம்.ஜி.பி. அவற்றுள் ஒன்று. அதன் முன் சில்லுகளுக்குத் தட்டும், பின் சில்லுகளுக்கு டிரம்மும் அமைந்துள்ளன.

பல ஆண்டுகள் கொட்டகையிற் கிடந்த எம்.ஜி.பி. ஒன்றை வெளியே இழுப்பவர், தட்டுகளிற் படிந்த செந்நிறக் கறளைக் கண்டு கலங்குவார். மேலாகப் படிந்த கறள் அத்துணை கொடியதன்று. பிறேக்கு சீரானபின் உராய்வினாலேயே அது நீங்கிவிடும். குழி விழுந்த தட்டையும், குறித்த தடிப்பிலும் குறையத் தேய்ந்த தட்டையும் மாற்றியே ஆகவேண்டும். அஞ்சத்தக்கது கண்ணுக்குப் புலப்படாத கறளே.

மிதியை அழுத்தும் காலின் வலுவைச் சில்லுக்குக் கொண்டு செல்வது குழாயினுள் இருக்கும் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் இயல்பு. டொட் 4 என்னும் தரத்துத் திரவம், புதிதாயிருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் கீழே கொதித்தல் ஆகாது. நீர் கலந்தபின் அவ்வெல்லை 155 பாகைக்குத் தாழ்ந்துவிடுகிறது. நீண்ட இறக்கத்திலே பிறேக்கு சூடேறித் திரவம் ஆவியானால், ஆவி அமுங்கிக்கொடுக்கும், மிதி தரையைத் தொடும், கார் நிற்காது. ஆரம்பகால எம்.ஜி.பி. கார்களில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே திரவ வழிதான். ஓரிடத்திற் கசிந்தாலும் நான்கும் கைவிடும். எஞ்சுவது கைப்பிறேக்கு மாத்திரமே.

அந்த நீரே பிஸ்டன் எனப்படும் முசலத்தையும் உள்ளிருந்து அரிக்கிறது. ஆகவே, தட்டைத் துடைத்துப் புதிய பட்டையைப் பொருத்தியதும் வேலை முடிந்ததென எண்ணுவது பேதைமை. முன் சில்லுகளின் கவ்விகளிலிருந்து முசலங்களை வெளியே எடுத்துப் பார்த்தல் வேண்டும். குரோம் பூச்சு உரிந்த முசலத்தைத் தேய்த்து மினுக்குவதாற் பயனில்லை. அதையும் இறப்பர் வளையங்களையும் புதியனவாக இடுதலே முறை. கழுவுவதற்குப் பெற்றோலோ எஞ்சின் எண்ணெயோ உதவாது. அவை இறப்பரை ஊதச் செய்யும். இறப்பர்க் குழாயோ பெரும் வஞ்சகன். வெளியே பழுதின்றித் தோன்றினும் உள்ளே வீங்கி, சென்ற திரவத்தைத் திரும்பவிடாது தடுக்கும். சில்லு பிடிபட்டபடியே கிடந்து சூடேறும்.

பின் சில்லின் டிரம் கறளால் ஒட்டியிருந்தால், சுத்தியல் கொண்டு ஓங்கி அடிப்போர் உளர். வார்ப்பிரும்பு வெடிக்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பின்தகட்டிலுள்ள சதுரத் தலையுடைய திருகாணிக்கு எண்ணெயிட்டு, ஓரிரவு ஊறவிட்டுத் தளர்த்தினால் பிறேக் சூக்கள் உள்வாங்கும். டிரம்மும் பெரும்பாலும் கழன்றுவரும். உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதலாகாது. பழைய பட்டைகளிற் கல்நார் கலந்திருக்கும். அது சுவாசப்பைக்குப் பெருங்கேடு. ஈரத்துணியால் ஒற்றியெடுப்பதே நன்று.

புதிய திரவமிட்டுக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றியபின், மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தல் வேண்டும். அது மெல்ல மெல்ல இறங்கினால், எங்கோ கசிவுண்டு. அன்றேல் தலைமை உருளையின் இறப்பர் தேய்ந்துள்ளது. அசையாது நின்றால், ஆள் நடமாட்டமற்ற சமதரையில், நடைவேகத்தில், முதன்முறையாக வண்டியை நிறுத்திப் பார்க்கலாம்.