ஏரிக்கரையும் வகுப்பறையும்

(தென்சென்னை அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில், நீர்வளத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தியாகராய நகரில் நின்றுகொண்டு கிராமத்து ஏரிக்கரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதில் பொருத்தம் இருக்கிறது. நாம் இப்போது இருக்கும் இந்த நகர்ப்பகுதி, 1920களில் ‘லாங் டேங்க்’ எனப்பட்ட நீண்ட ஏரியின் நிலத்தை எடுத்து உருவாக்கப்பட்டது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. கரையும் இல்லை, ஏரியும் இல்லை, பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. உங்கள் மாணவர்கள் தினமும் அந்தப் பலகைகளைக் கடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

ஏரி என்பது சிறிய மண் அணைதான். தமிழ்நாட்டில் இப்படிச் சுமார் 39,000 ஏரிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் உறுப்புகள் ஒன்றுதான். மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், நீரைத் தடுத்து நிறுத்தும் மண்கரை, பாசனத்துக்கு நீர் விடும் மதகு, ஏரி நிரம்பியபின் உபரி நீர் தானாக வெளியேறும் கலங்கல். தென் மாவட்டங்களில் கலங்கலைக் கலிங்கு என்பார்கள். கலங்கலின் உச்சி மட்டம்தான் ஏரியின் முழு நீர்மட்டம். கரையின் உச்சி அதைவிட சில அடி உயரமாக இருக்கும். இந்தச் சில அடி வீணான உயரம் அன்று. அதுதான் கரையின் உயிர்.

மண்கரை எப்படி உடைகிறது? பெரும்பாலும் மூன்று வழிகளில்.

முதலாவது, நீர் கரைமேல் வழிவது. கல்லணையின் மேல் நீர் வழிந்தால் தாங்கும், மண்கரை தாங்காது. வழியும் நீர் பின்சரிவை அரித்து, கைப்பிடி அளவு பள்ளம் சிறிது நேரத்தில் பெரிய உடைப்பாகிவிடும். குஜராத்தில் 1979 ஆகஸ்ட் 11 அன்று மச்சு இரண்டாம் அணையின் மண்கரைப் பகுதி இப்படித்தான் அடித்துச் செல்லப்பட்டது. கீழே இருந்த மோர்பி நகரம் அழிந்தது.

இரண்டாவது, கரைக்குள்ளே நீர் வழி தேடிக்கொள்வது. எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று, வெட்டிய மரத்தின் மட்கிய வேர், மதகுச் சுவரை ஒட்டிய இடுக்கு, இவற்றில் ஒன்று போதும். கசியும் நீர் தெளிவாக இருந்தால் கவனித்து வர வேண்டும். கலங்கலாக வந்தால் கரையின் மண் உள்ளிருந்து வெளியேறுகிறது என்று பொருள். உடனே ஆள் அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, சரிவு சறுக்குவது. நிரம்பிய ஏரியை அவசரமாக வடித்தால், உட்பக்கச் சரிவில் ஊறிய மண் தன் பாரம் தாங்காமல் இறங்கும். ஆகவே ஏரியை நிரப்புவதில் மட்டுமல்ல, இறக்குவதிலும் நிதானம் வேண்டும்.

என் பணிக்காலத்தில் செங்கல்பட்டுப் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியிருந்தது. காலையில் அவ்வூர்ப் பள்ளித் தலைமையாசிரியை தொலைபேசியில் அழைத்தார். “சார், கரைக்குப் பின்னாடி தண்ணி செம்மண்ணா வருதுன்னு எங்க ஏழாம் வகுப்புப் பையன் சொல்றான். நேத்து தெளிவா இருந்துச்சாம்.” ஆடு ஓட்டிப் போன பையன் இரண்டு நாளும் பார்த்திருக்கிறான், வித்தியாசத்தைக் கண்டிருக்கிறான். நாங்கள் போனபோது விரற்கடை அளவுத் துளையில் மண் கலந்த நீர் கொப்பளித்தது. ஊரார் அதைக் களிமண்ணால் அடைக்கப் பார்த்தார்கள். அப்படி வெளிப்பக்கத்தில் அடைத்தால் நீர் பக்கத்தில் வேறு துளை போடும். அதைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே முதலில் மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று போட்டோம். நீர் வடியும், மண் வராது. மதகைத் திறந்து நீர்மட்டத்தை மெல்ல இறக்கினோம். மாலைக்குள் கசிவு தெளிந்தது. அந்தக் கரைக்குக் கீழே இருந்தவை வயல்கள் மட்டுமல்ல, ஒரு குடியிருப்பும்தான்.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில வரையறைகளுக்கு உட்பட்டவற்றுக்கும் பொருந்தும். நம் கிராமத்து ஏரிகளில் பெரும்பாலானவை அந்த உயரத்துக்கு வராது. அவற்றுக்கு ஊரின் கண்தான் முதல் காவல். நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்த ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. நாம் குடவோலையைத் தேர்தல் பாடமாக நடத்துகிறோம். அதை நீர் மேலாண்மைப் பாடமாகவும் நடத்தலாம். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயிலை ஒட்டி வழங்கும் கதையில், மழை இரவில் கரையைப் பார்க்கக் கலெக்டர் லயோனல் பிளேஸ் கிளம்பிப் போகிறார். அந்த ஒரு செய்தியே மாணவர்களுக்குப் போதும்: மழை இரவில் யாராவது ஒருவர் கரைக்குப் போயாக வேண்டும்.

கலங்கலைப் பற்றி ஒரு கணக்கு. கூடுதலாக நீர் தேக்க வேண்டும் என்று சில ஊர்களில் கலங்கல்மேல் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். விவசாயியின் கவலை நியாயமானது. தை மாதப் பயிருக்குத் தண்ணீர் வேண்டும். ஆனால் கலங்கலில் வெளியேறும் நீரின் அளவு, அதன்மேல் ஓடும் நீரின் உயரத்தின் ஒன்றரை மடிப் படிக்கு ஏற்ப மாறும். பாதுகாப்பாக மூன்று அடி உயரம் ஓடக்கூடிய கலங்கலில் ஒரு அடியை மூட்டையால் அடைத்தால், வெளியேற்றும் திறன் மூன்றில் ஒரு பங்கு குறைவதில்லை; ஏறத்தாழப் பாதி போய்விடுகிறது. பெருமழை வந்தால் மிச்ச நீர் கரைமேல்தான் ஏறும்.

இனி நம் அடையாற்றுக்கு வருவோம். செம்பரம்பாக்கமும் மண்கரை ஏரிதான். முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1 அன்று அங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் அதே ஆற்றில் சேர்ந்தது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டையில் என்ன ஆயிற்று என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலர் அப்போது நிவாரண முகாமான பள்ளிகளில் நின்றவர்கள். யார், எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. கணக்கை மட்டும் பார்ப்போம். ஒரு கன அடி 28.3 லிட்டர். 29,000 கன அடி என்றால் வினாடிக்குச் சுமார் 8.2 லட்சம் லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஒவ்வொரு வினாடியும் 68 வந்து கவிழ்வதாக மாணவர்களை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுபக்கக் கணக்கு இது. வினாடிக்கு 5,000 கன அடி வீதம் மூன்று நாள் திறந்தால் 1,296 மில்லியன் கன அடி வெளியேறும். செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மழை வருமுன் சிறுகச் சிறுகத் திறந்தால் ஏரியில் இடம் கிடைக்கும், ஆறும் தாங்கும். 2020 நவம்பர் 25 அன்று நிவர் புயலின்போது, நீர்மட்டம் 22 அடியை எட்டியபோது முதலில் 1,000 கன அடி திறந்து, பிறகு படிப்படியாக உயர்த்தினார்கள். முன்கூட்டித் திறந்துவிட்டு மழை பொய்த்தால் கோடையில் குடிநீருக்குத் தவிக்க நேரும். இந்த இரண்டு அச்சங்களுக்கும் நடுவில் எடுக்கும் முடிவுதான் நீர் மேலாண்மை. உயர்நிலை வகுப்பில் இதை விவாதப் பொருளாக வையுங்கள். ஒரு குழு ஆயக்கட்டு விவசாயிகள், ஒரு குழு ஆற்றங்கரையில் குடியிருப்போர், ஒரு குழு குடிநீர் வாரியம்.

கீழ் வகுப்புகளுக்கு எளிய செய்முறை ஒன்று. இரண்டு தட்டுகளில் மண்ணால் கரை கட்டச் சொல்லுங்கள். ஒன்றில் பாலித்தீன் விரித்த கலங்கல் இருக்கட்டும், மற்றதில் வேண்டாம். இரண்டிலும் நீர் ஊற்றி நேரத்தைக் குறிக்கட்டும். அடுத்து, கரை கட்டும்போதே உள்ளே ஒரு உறிஞ்சுகுழலை வைத்து, பிறகு உருவி எடுத்து, கசிவின் நிறத்தை எழுதட்டும். மண்ணை மெல்லிய அடுக்குகளாகத் தட்டிக் கட்டிய கரையையும், சும்மா குவித்த கரையையும் ஒப்பிடட்டும்.

ஏரிக்கு அழைத்துப் போவதானால் தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் பெற்றுக்கொள்ளுங்கள். மழை நாளில் வேண்டாம். கரைமேல் நின்று பார்ப்பதோடு சரி. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளைகளை நீரில் இறக்காதீர்கள். வண்டல் எடுத்த பள்ளங்கள் நீருக்கடியில் தெரியாது. மதகடியும் கலங்கலடியும் இழுக்கும்.

நகரத்துப் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். இவர்களில் சிலர் நாளை பொறியாளராவார்கள், சிலர் ஊராட்சிச் செயலராவார்கள். மற்றவர்கள் ஆற்றங்கரையில் வீடு பார்க்கும்போது, இது எந்த ஏரியின் கீழே இருக்கிறது என்றாவது கேட்பார்கள். அந்தக் கேள்வியை வகுப்பறையில் கற்றுக்கொடுக்க முடியும்.